சத்தமில்லாத நாற்பது படங்கள்

என் தங்கை முத்தாத்தாள் எதையெல்லாம் ஜெயித்தாள் என்பதை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1979இல் எட்டாம் மாதத்திலேயே பிறந்தாள். எடை ஒன்றரைக் கிலோ. பிழைக்காது என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்கள், பிழைத்தாள். 1998 மாங்காய் சீசனில், ஒரு செந்தூர மரத்தில் எத்தனை காய் இருக்கிறது என்று இரண்டு வியாபாரிகளோடு பந்தயம் நடந்தது. ஒருவர் எண்ணூறு என்றார், மற்றவர் ஆயிரத்தைந்நூறு. இவள் கீழே நின்று மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஆயிரத்து நூற்று நாற்பது என்றாள். பறித்து எண்ணினால் ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு. பரிசாக வந்த எவர்சில்வர் அண்டாவில் இன்றும் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். 2013 ஓணத்துக்குக் குடும்பஸ்ரீ மகளிர் குழு நடத்திய எலுமிச்சைக் கரண்டி ஓட்டத்தில், முள் குத்திச் சீழ் வைத்த காலோடு ஓடி, இருபத்தேழு பேரில் முதலாவதாக வந்து ஒரு பக்கெட் வாங்கினாள். 2019இல் எங்கள் மாங்காய் ஷெட் முதலாளி பூபதிராஜாவிடம், வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளுக்கு என்று ஓர் அறையும் அதற்கு ஒரு மின்விசிறியும் கேட்டு வாங்கினாள். அதற்கு முன் கேட்ட நான்கு பேருக்கும் அவர் முடியாது என்று சொல்லியிருந்தார். 2024 மார்ச்சில், சத்தமில்லாத நாற்பது படங்களைப் பார்த்து முப்பத்துமூன்றுக்குச் சரியான விடை சொன்னாள். ஏப்ரலில் அந்த வெற்றி பறிபோனது. மே மாதம் அதைத் திரும்ப ஜெயித்தாள்.

கடைசி மூன்று வரிகளில் சொன்னதைத்தான் விவரமாக எழுதப் போகிறேன். தேதிகளையும் எண்களையும் இரண்டு முறை சரிபார்த்திருக்கிறேன்.

தமிழும் மலையாளமும் கலந்த எல்லையோர ஊரான எங்கள் முதலமடையில் ஜனவரியிலிருந்து மே வரை மாங்காய் ஷெட்டுகளில் கால் வைக்க இடமிருக்காது. தோப்பிலிருந்து வரும் காயைப் பெண்கள் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவார்கள். அவர்களுடைய ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளைப் பக்கத்து அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது முத்தாத்தாளின் வேலை. ஒரு சீசனில் பத்து, பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கும். நான் அதே ஷெட்டில் பெட்டிகளுக்குச் சீட்டு எழுதுகிறேன். எந்தத் தோப்பு, என்ன ரகம், எந்த ஊருக்குப் போகிறது, என்ன தேதி. ஏழாவது வரைதான் படித்தேன் என்றாலும் என் கையெழுத்தை யாரும் திருப்பிக் கேட்காமல் படிக்கலாம்.

முத்தாத்தாள் ஏழாவது அல்ல, ஒன்றாவதுகூடப் போகவில்லை. அவளுக்கு ஆறு வயதாகும்போது எங்கள் அம்மாவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். அப்பாவும் அம்மாவும் தோப்புக் காவலுக்குப் போக வேண்டும். யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அவளை வீட்டில் வைத்தார்கள். அந்த இரட்டையர் பேசக் கற்றது அவளிடம்தான். பிறகு எழுத்தறிவு வகுப்பு எங்கள் தெருவுக்கு வந்த வருடம் இரட்டையருக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலை செருகிய வீட்டுக்குள் வகுப்புக்காரர்கள் வரவில்லை, அவளும் வெளியே போகவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ரேஷன் கடையானாலும் பேங்கானாலும் எழுத வேண்டியதை நான் எழுதுவேன். அவள் பெருவிரலை வைப்பாள்.

2023 ஜனவரியில் செல்வப்பிரியா எங்கள் ஷெட்டுக்கு வந்தார். பக்கத்துச் சித்தூர்க்காரப் பெண். அங்கே அரசுக் கல்லூரியில் படித்து முடித்து, வெளியூரில் ஒரு நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்கிறார். சின்னப் பிள்ளைகள் வா, போ, எடு, குடு போன்ற செயல் சொற்களை எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. பந்து, சொம்பு, மாங்காய் போன்றவற்றைக் கற்பது சுலபமாம். கண் முன்னால் இருக்கும், விரல் நீட்டிக் காட்டலாம். ‘எடு’ என்பதை எங்கே விரல் நீட்டிக் காட்டுவது? ஆனாலும் இரண்டு வயதுப் பிள்ளைகள் கற்றுவிடுகின்றன. எப்படி என்று கண்டுபிடிக்க, ஒன்றுமே தெரியாத பிள்ளையைப் போல ஒரு கணினி நிரலைச் செய்து, அதைப் பேச்சுக் கற்க வைக்க வேண்டும். பிள்ளை எப்படிக் கற்கிறதோ அப்படியே அதுவும் கற்றுவிட்டால், நாம் சொன்ன வழிதான் பிள்ளையின் வழி என்று நம்பலாம். நிரலைச் செய்தவர் செல்வப்பிரியாவோடு வேலை செய்யும் ஜிஜோ. மலையாளி. தமிழ் நன்றாகவே பேசுவார், நடுநடுவே மலையாளம் வந்துவிடும்.

ஷெட்டுப் பெண்கள் ஒன்பது பேரின் வீடுகளிலும், முத்தாத்தாளின் அறையிலும் கேமரா வைத்தார்கள். தாய்மார் பேசியதைக் கேட்டு எழுத, எங்கள் பக்கத்துப் பேச்சு தெரிந்த, நல்ல கையெழுத்துள்ள ஆள் தேவைப்பட்டது. என்னைக் கேட்டார்கள். நிமிடம், நொடி போட்டு, பதினேழு நோட்டு எழுதிக் கொடுத்தேன். ‘அம்மா சொன்னது என்ன, அந்த நொடியில் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது’ என்று இரண்டையும் சேர்த்துக் கணினிக்குக் கொடுத்தார்கள்.

மூன்று மாதத்தில் கணினி பந்து, சொம்பு எல்லாம் கற்றுவிட்டது. செயல் சொற்கள் மட்டும் ஏறவில்லை. அறுபது சொற்களில் பதினொன்றுதான். அதைவிட, ‘தூங்கு’ என்றால் ஓடுவது என்று அது முடிவு கட்டியிருந்தது. ஏனென்றால் பதிவான ஒன்பது வீட்டிலும் அம்மா ‘தூங்கு’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் பிள்ளை ஓடிக்கொண்டிருந்தது. இதைச் செல்வப்பிரியா ஷெட்டில் சொன்னபோது காய் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திச் சிரித்தார்கள். இந்து என்ற பெண்ணின் மகனுக்கு அப்போது இரண்டே கால் வயது. “அப்ப அந்தக் கம்ப்யூட்டருக்கும் என்ர பையனுக்கும் ஒரே வாத்தியாருங்க போல” என்றாள்.

பெரியவர்களாலேயே முடியுமா என்று பார்க்க ஒரு பரீட்சை வைத்தார்கள். ஓர் அம்மாவும் பிள்ளையும் இருக்கும் படம் ஓடும். சத்தம் கிடையாது. அம்மா செயல் சொல்லைச் சொல்லும் நொடியில் மட்டும் ‘பீப்’ என்று ஓர் ஒலி வரும். அம்மா சொன்ன சொல் என்ன என்று பார்ப்பவர் சொல்ல வேண்டும். இப்படி நாற்பது படங்கள். முதலமடையிலும் சுற்றுப்பக்கத்திலும் முப்பது பேர் உட்கார்ந்தார்கள். சராசரி ஏழு. ஒரு பள்ளிக்கூட டீச்சர் வாங்கிய ஒன்பதுதான் அதிகம்.

2024 மார்ச் 9, சனிக்கிழமை. பரீட்சை எழுதும் தாளில் ஒன்று மிச்சம் இருந்தது. அறையிலிருந்து ஒரு பிள்ளையை அம்மாவிடம் கொடுக்க வந்த முத்தாத்தாளை, செல்வப்பிரியா சும்மா உட்காரச் சொன்னார். அவளுக்கு எழுத வராது என்பதால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சில படங்களுக்கு பீப் வருவதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டாள். செல்வப்பிரியா சிரித்துக்கொண்டே, பீப் வரட்டுமுங்க அக்கா என்றார். தாளைத் திருத்தும்போது சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து திருத்தினார். பிறகு தாளை ஜிஜோவிடம் கொடுத்தார். அவரும் திருத்தினார். முப்பத்துமூன்று.

“சேச்சி, இது எங்ஙனெ? மத்தவங்களுக்கு ஏழு கிட்டினதே பெரிசு” என்று ஜிஜோ கேட்டார்.

“நீங்க எல்லாரும் பொடுசையே பாத்துட்டிருக்கீங்க” என்றாள் முத்தாத்தாள். “அதைப் பாத்தா என்னங்க தெரியும்? அது என்னிக்குச் சொன்னதைக் கேட்டுது? அம்மாக்காரி கையைப் பாருங்க. வாய் தெறக்கறதுக்கு முன்னாலயே கை தயாராயிருமுங்க.”

அன்று மத்தியானம் அவர்கள் சாப்பிடக்கூடப் போகவில்லை. நாற்பது படத்தையும் மறுபடி போட்டுப் பார்த்தார்கள், இந்த முறை தாய்மாரின் கையை மட்டும். ‘குடு’ என்று சொல்லப் போகிற அம்மாவின் உள்ளங்கை அதற்கு இரண்டு நொடி முன்பே விரிந்திருந்தது. ‘வா’ என்று சொல்லப் போகிறவள் சேலையை ஒதுக்கி மடியைத் தயார் செய்திருந்தாள். ‘தூங்கு’ என்பதற்கு முன் ஒரு கை தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தது. ஓடியது பிள்ளை மட்டும்தான். ஜிஜோ ஒவ்வொரு படத்துக்கும் மேசையைத் தட்டினார். செல்வப்பிரியா என்னிடம் திரும்பி, பிள்ளையும் இதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கும், அதன் கண்ணுக்கு நேரே இருப்பது அம்மாவின் கைதானே, நாங்கள் கணினிக்கு அதைக் காட்டவே இல்லையே என்று சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் சீட்டுக் கட்டை ஒதுக்கிவைத்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன்.

ஜிஜோ நிரலை மாற்றி எழுதினார். சொல் வரும் நொடியை மட்டும் காட்டாமல் அதற்கு முன் மூன்று நொடியையும், அம்மாவின் கையையும் சேர்த்துக் காட்டினார். ஏப்ரல் முதல் வாரத்தில் கணினி அறுபதில் முப்பத்தெட்டுச் செயல் சொற்களைக் கற்றிருந்தது. ‘தூங்கு’ என்பதும் அதில் ஒன்று. அந்தச் செய்தி வந்த நாளில் பூபதிராஜா ஷெட்டில் எல்லோருக்கும் டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார்.

ஏப்ரல் 22, திங்கட்கிழமை, செல்வப்பிரியா தனியாக வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவருடைய நிறுவனத்தில் இந்த ஆராய்ச்சியைச் சரிபார்ப்பவர் டாக்டர் அழகுத்தாய் என்பவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் முப்பத்தொரு தாள்களையும், என் பதினேழு நோட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். முப்பத்தொன்றாவது தாளின் கையெழுத்தும் நோட்டின் கையெழுத்தும் ஒன்றாக இருந்திருக்கிறது. நாற்பது படங்களும் அந்த நோட்டுகளில் உள்ள பதிவுகளிலிருந்து வெட்டியவை. அதாவது, என் தங்கைக்காக விடை எழுதிய ஆளுக்கு எல்லா விடையும் முன்பே தெரியும். அவர் தாளின் மேல் சிவப்பு மையில் ‘நம்பத்தகாதது, விடை சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கலாம்’ என்று எழுதிவிட்டார்.

அவர் எழுதியதில் பிழை இல்லை. பிழை என்னுடையது. அவளுக்காக எழுதுவது எனக்கு அவ்வளவு பழகிப் போயிருந்ததால், பேனாவைக் கையில் எடுத்தபோது அது தவறு என்று தோன்றவே இல்லை. நான் ஒரு வார்த்தையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

இரண்டே நாளில் ஷெட் முழுக்கத் தெரிந்துவிட்டது. லாரி டிரைவர் ரமேஷ்குமார் சீட்டு வாங்க வந்தபோது, “ஏனுங்ண்ணா, தங்கச்சி காதுல ஓதின மாதிரி எனக்கும் ஒண்ணு ஓதுங்க, லைசென்ஸ் டெஸ்டுக்கு மாமன் பையன் போறான்” என்றான். விளையாட்டாகச் சொன்னதுதான். முத்தாத்தாள் அறைவாசலில் நின்று அதைக் கேட்டாள்.

அன்று அவள் என்னிடம் சொன்னது இது: “நா ஜெயிச்சதை அழிச்சா அழிச்சுட்டுப் போகட்டும்ண்ணா. அண்டாவும் பக்கெட்டும் இல்லாமயா போயிரும்? நீ சொல்லிக் குடுத்தீன்னு எழுதியிருக்கறாங்கல்ல, அதை மட்டும் அழிக்கச் சொல்லோணும்.”

செல்வப்பிரியாவுக்கு என்னைப் போன் போடச் சொல்லி அவளே பேசினாள். தானும் பார்க்காத, நானும் பார்க்காத படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. ஜிஜோ அந்த வருடம் இடுக்கியில் வண்டன்மேட்டுக்குப் போய், ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்யும் மூன்று தமிழ்க் குடும்பங்களைப் படம் எடுத்து வந்திருந்தார். அந்தப் பதிவுகள் முதலமடைக்கு வரவே இல்லை. அழகுத்தாயிடம் கேட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: விடைகளைத் தானே எழுதுவார், அண்ணன் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வரக் கூடாது. நாற்பதில் இருபதுக்கு மேல் வந்தால் சிவப்பு மையை அழிப்பார். வராவிட்டால் முப்பத்தொன்றாவது தாளோடு, அதை நம்பி மாற்றிய நிரலையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

இடையில் ஏப்ரல் 26ஆம் தேதி தேர்தல் வந்தது. வாக்குச்சாவடியில் பதிவேட்டுக்காரர் முத்தாத்தாளின் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, அவள் ஒன்றும் சொல்வதற்கு முன்பே மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார். பெருவிரலை வைத்துவிட்டு, மையை எப்போதும் போலத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வீடு வரும்வரை எனக்குப் பத்தடி முன்னால் தனியாக நடந்தாள். நான் பரீட்சையைப் பற்றிய பயம் என்று நினைத்தேன்.

பரீட்சை மே மாதம் 22ஆம் தேதி, சித்தூரில், ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் வைத்திருந்தார்கள். காலை எட்டரை பஸ்ஸுக்குப் போனோம். வாசலில் அவளை விட்டுவிட்டு நான் எதிர்ப்பக்கத்துப் பேக்கரியில் உட்கார்ந்தேன். மேலே நடந்ததை நான் பார்க்கவில்லை. செல்வப்பிரியாவும் ஜிஜோவும் தனித்தனியாகச் சொன்னதை ஒத்துப் பார்த்து, இருவரும் ஒன்றுபோலச் சொன்னதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

இரண்டாவது படத்தில் ஒரு குழந்தைக்கு ஸ்வெட்டரில் ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. அம்மாவின் கை ஸ்வெட்டரைப் பிடித்திருக்கிறது. பீப். முத்தாத்தாள் ‘கழட்டு’ என்றாள். அம்மா சொன்னது ‘மாட்டு’. நான்காவது படத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் குழந்தை நிற்கிறது, அம்மா கையை நீட்டுகிறாள். இவள் சொன்னது ‘நவுரு’. அம்மா சொன்னது ‘காய்’. அதாவது வந்து குளிர் காயச் சொன்னாள். ஏழாவதில் அம்மாவின் கை கதவின் மேல். இவள் ‘தெற’ என்றாள், அவள் சொன்னது ‘சாத்து’. பத்துப் படம் முடிந்தபோது சரியானது மூன்று. அவளுக்கு அது தெரியாது. பரீட்சையின் நடுவே சரி, தப்பு சொல்லக் கூடாது. ஆனால் சரியான விடைகள் உள்ள தாளை மடியில் வைத்திருந்த ஜிஜோவுக்குத் தெரியும். அவர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாராம். செல்வப்பிரியா அவருடைய முதுகைப் பார்த்தே புரிந்துகொண்டார். அழகுத்தாய் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

பதினொன்றாவது படம். குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள் ஓர் அம்மா. தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் செம்பை எடுக்கிறாள். ஆவி பறக்கிறது. அதில் இன்னும் சுடுதண்ணீரை ஊற்றுகிறாள்.

“நிறுத்துங்க” என்றாள் முத்தாத்தாள். “ஏனுங்க, இந்த ஊருல வெயிலே அடிக்காதுங்களா?”

“படத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா” என்றார் அழகுத்தாய்.

“சொல்ல வேண்டாங்க. எல்லாரும் தலையில துண்டு கட்டியிருக்கறாங்க, அப்பவே பாத்திருக்கோணும். வெந்த தண்ணியில மேல மேல சுடுதண்ணி ஊத்தறா. நாந்தான் எங்கூரு வெயிலை வெச்சுட்டே பாத்துப்போட்டேன்.” சற்று யோசித்துவிட்டு, முன்பு சொன்னதை மாற்றலாமா என்று கேட்டாள். மாற்றக் கூடாது என்றார் அழகுத்தாய். “சரிங்க. அந்தப் பத்தும் கெடக்கட்டும். இனிப் போடுங்க.”

முதலமடை எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் தார் ரோடு செருப்பில் ஒட்டும். எங்கள் பிள்ளைகளுக்குச் சட்டையைப் போடுவதைவிடக் கழற்றுவதுதான் பெரிய வேலை. அடுப்புப் பக்கம் பிள்ளையைக் கூப்பிடுகிற அம்மாவை முத்தாத்தாள் வாழ்நாளில் பார்த்ததில்லை. வண்டன்மேடு குளிர் மலை; அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை. எங்கள் ஊர்க்காரி ஒருத்தி வேறு எப்படிச் சொல்லியிருப்பாள்?

பதினொன்றாவதிலிருந்து ஓடிய முப்பது படங்களில் அவள் நான்கைத்தான் தவறவிட்டாள். போர்வை நுனியைப் பிடித்த கையைப் பார்த்ததும் ‘போத்து’ என்றாள். ஜன்னலை நோக்கிப் போகும் கைக்கு இந்த முறை ‘சாத்து’. ஒவ்வொரு விடைக்கும் ஜிஜோ ஜன்னலிலிருந்து ஓர் அடி நகர்ந்து வந்தாராம். முப்பத்தைந்தாவது படத்தில் அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாராம். மொத்தம் நாற்பதுக்கு இருபத்தொன்பது.

அழகுத்தாய் முதல் பத்தின் தப்புகளை மட்டும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இதே நாற்பது படங்களைக் கணினிக்குக் கொடுத்தீர்களா என்று ஜிஜோவைக் கேட்டார். கொடுத்து வைத்திருந்தார்; அந்த விடைகளை யாரும் இன்னும் பார்க்கவில்லை. திறந்து பக்கத்தில் வைத்தார்கள். முதலமடைப் பதிவுகளை மட்டுமே பார்த்து வளர்ந்த கணினி, முதல் பத்தில் முத்தாத்தாள் தவறவிட்ட அதே ஏழையும் தவறவிட்டிருந்தது. ஸ்வெட்டருக்கு ‘கழட்டு’. அடுப்புக்கு ‘நவுரு’. கதவுக்கு ‘தெற’.

ஜிஜோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மேடம், நம்ம மெஷீன் தனி முதலமடைக்காரனாயிப் போச்சு.”

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. கணினி நாற்பதாவது படம் வரை அதே வெயிலில்தான் நின்றது. அதற்குக் கிடைத்தது பதினான்கு. துண்டையும் ஆவியையும் பார்த்து ஊர் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ள அதற்கு வராது. அதை எப்படித் தெரிய வைப்பது என்பதுதான் இப்போது அவர்கள் செய்யும் ஆராய்ச்சி. மாங்காய் இல்லாத மாதங்களில் முத்தாத்தாளின் போனுக்குப் படம் வருகிறது. மூணாறு, போடி, ஆனைமலை என்று ஒவ்வோர் இடத்துப் படமாக அனுப்புகிறார்கள். எந்தப் படத்தில், எதைப் பார்த்து, எந்த நொடியில் மனதை மாற்றிக்கொண்டாள் என்று அவள் சொல்லி அனுப்புகிறாள். நான் அந்தப் போனைத் தொடுவதில்லை.

அழகுத்தாய் முப்பத்தொன்றாவது தாளைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். “இந்த ஏழு தப்பையும் எந்த அண்ணனும் சொல்லிக் குடுக்க முடியாது. கேட்டுச் சொன்னவ இப்படித் தலைகீழாச் சொல்லமாட்டா. பாத்துச் சொன்னவதான் சொல்லுவா” என்றார். பிறகு சிவப்பு மையால் எழுதிய வரியின் மேல் கோடு போட்டார். “நான் எழுதுனத நானே அடிக்கேன்.” பக்கத்தில் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அதற்குப் பிறகுதான் என்னை மேலே கூப்பிட்டு வரச் சொன்னார்கள். அதற்குள் நான் நாலு டீ குடித்திருந்தேன்.

நான் படியேறி உள்ளே போனபோது மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன, மார்ச் மாதத்துத் தாளும் அன்றைய தாளும். பரீட்சை எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் அன்றைய தாளில் காலியாக இருந்தது. செல்வப்பிரியா மைப்பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தார். முத்தாத்தாள் அதை ஒரு விரலால் தள்ளி, மூடியை எடுத்து மூடினாள்.

“வேண்டாங்க அம்மிணி. பேனாக் குடுங்க.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். தேர்தல் முடிந்த மறுநாள், நான் பிழையாக எழுதி ஒதுக்கிய சீட்டு ஒன்றை எடுத்துப்போய், அதன் பின்பக்கத்தில் இந்துவிடம் தன் பெயரை எழுதி வாங்கியிருக்கிறாள். அதைப் பார்த்துப் பார்த்து, பிள்ளைகள் அறையின் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் இருபத்தைந்து நாளாக எழுதிப் பழகியிருக்கிறாள். “எழுதி முடிக்கறதுக்குள்ள பொடுசுக அது மேலயே ஒக்காந்து தேச்சு அழிச்சுப்போடும். அழிக்க அழிக்க எழுதினேன்” என்றாள். ஜிஜோ, அந்த அறையில் இருந்த கேமராவில் இது பதிவாகியிருக்குமே என்று சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நாற்பது வருடமாக அவளுக்கு எழுதிக் கொடுத்தவன் நான். பக்கத்து அறையிலேயே இருந்தவன். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கேட்டேன்.

“உன்ர கிட்டக் கேட்டா, இதையும் அண்ணன் சொல்லிக் குடுத்தான்னு ஆயிரும்ல?” என்றாள்.

அழகுத்தாய் தன் பேனாவையே கொடுத்தார். முத்தாத்தாள் சேலைத் தலைப்பில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். எங்கள் அப்பா பெரியமுத்துவின் ‘பெ’, ஒரு புள்ளி, பிறகு பெயர். முதல் ‘தா’ பெரியது, இரண்டாவது ‘தா’ சிறியது. கடைசி ‘ள்’ கட்டத்துக்குள் இடம் இல்லாமல் கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றது. அதன் புள்ளியை அழுத்தி வைத்ததில் தாள் லேசாகக் கிழிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் பத்து நொடி ஆனது. நிமிர்ந்து, பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, கீழே தேதி போட வேண்டுமாமே, எண் எழுத இன்னும் பழகவில்லை, அதை மட்டும் அண்ணன் எழுதலாமா என்று அழகுத்தாயிடம் கேட்டாள். அவர் சரி என்று தலையசைத்தார். எழுதினேன்:

22-05-2024, புதன்கிழமை.